அஜினமோட்டோவும் கேசரிப் பருப்பும்: ஒரு தூதின் வரலாறு

ரிங்லெட்டிலிருந்து லெம்பா பெர்த்தாமுக்கு இறங்குகிற சாலையில் இன்றைக்குக் காய்கறிக்கும் பூவுக்கும் போட்ட பிளாஸ்டிக் கூடாரங்கள்தான் அதிகம் கண்ணில் படும். ஆனால் கேமரன் மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது தேயிலை. 1929ல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். அதன்பின் இந்தச் சரிவுகளில் காடு வெட்டியும் கன்று நட்டும் கொழுந்து கிள்ளியும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தார்கள். இப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர்களும் நேப்பாளிகளும் செய்கிறார்கள். அது வேறு கதை.

கொழுந்து கிள்ளுகிறவர் கண்ணுக்குத் தெரியாத ஒரு வேலை அந்தச் செடியின் வேரில் நடக்கிறது. குளூட்டமேட் என்ற அமினோ அமிலத்தோடு எத்தில் அமீன் என்ற சின்னத் துண்டு ஒன்றை வேர் ஒட்டவைக்கிறது. அப்படிப் பிறக்கும் தியானின் சாற்றோடு ஏறிக் கொழுந்துக்குப் போகிறது. வெயில் பட்டால் அது கரைந்து துவர்ப்புக்கான பொருளாக மாறும். நிழலில் வளர்ந்தால் அப்படியே தங்கும். நல்ல தேயிலையில் கசப்புக்கு அடியில் ஒரு மெத்தென்ற ருசி நிற்குமே, அதில் இதற்குப் பெரிய பங்கு. 1949ல் கியோட்டோவில் சகாத்தோ யாஜிரோ என்ற ஆய்வாளர் நிழலில் வளர்த்த கியோகுரோ தேயிலையிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார்.

தியானின் பார்வைக்குக் குளூட்டமேட்டின் தம்பி மாதிரி இருக்கும். மூளைக்குள் போனால் அண்ணனுக்கென்று செய்த பூட்டுகளில் தன்னையும் நுழைத்துப் பார்க்கும். ஆனால் சரியாகப் பொருந்தாது. பூட்டு லேசாக ஆடுவதோடு சரி. அந்தப் பூட்டுகளைத்தான் ஏற்பிகள் என்கிறோம். நம் மூளையில் ஒரு நரம்பணு இன்னொன்றைக் கிளப்பிவிடும் பேச்சில் பெரும்பகுதி குளூட்டமேட் வழியாகத்தான் நடக்கிறது என்பது இன்று பாடப்புத்தகத்தில் இருக்கும் விஷயம். இதை நம்புவதற்கு அறிவியலுக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு பிடித்தது. ஏன் என்பதுதான் எனக்குச் சுவாரஸ்யமான கேள்வி.

தேத்தூள் இருக்கும் அதே அடுப்படி அலமாரியில் இன்னொரு பொட்டலமும் இருக்கும். வெள்ளையாக, ஊசி ஊசியாக. அஜினமோட்டோ. சோடியம் குளூட்டமேட் என்பது அதன் ரசாயனப் பெயர். அந்தக் கம்பெனி 1961லேயே மலாயாவுக்கு வந்துவிட்டது. மீ கோரெங் பிரட்டுகிற ஒட்டுக்கடையில் இது இல்லாமல் காரியம் நடக்காது. ஆனாலும் நம் வீடுகளில் ஒரு வசனம் உண்டு: "அதைப் போடாத, மூளை மழுங்கிப் போயிடும்." முடி கொட்டும் என்பார்கள், ஞாபகம் போகும் என்பார்கள், சீனன் கடைச் சாப்பாட்டுக்கே இதுதான் காரணம் காட்டித் தடை. என் தலைமுறையில் பாதிப்பேர் இந்த மிரட்டலைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு போனபோது, பயப்பட வேண்டிய இடத்தில் யாருமே பயப்படாமல் இருந்த இன்னொரு கதையும் அகப்பட்டது.

குளூட்டமிக் அமிலம் முதலில் கிடைத்தது கோதுமை மாவின் பசையிலிருந்து. 1866ல் ஜெர்மானிய வேதியியலாளர் ரிட்ஹவுசன் பிரித்தார். அதற்கு ருசியிருக்கிறது என்று நாற்பது ஆண்டுக்குப் பிறகுதான் ஒருவர் கவனித்தார். தோக்கியோவின் இக்கேடா கிக்குனாயே, வீட்டில் கொதிக்கும் கொம்பு என்ற கடற்பாசி ரசத்தின் ருசி இனிப்பிலும் சேரவில்லை, உப்பிலும் சேரவில்லை, புளிப்பிலும் கசப்பிலும் சேரவில்லை என்று யோசித்து, 1908ல் அதன் மூலம் குளூட்டமேட் என்று கண்டார். உமாமி என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டே பொடியாக விற்பனைக்கு வந்தது. ஆக, இந்த மூலக்கூறு உலகத்துக்கு அறிமுகமானது ரசப் பொடியாக. பிற்பாடு இதை யாரும் மூளையின் தூதுவன் என்று ஒப்புக்கொள்ளாமல் போனதற்கு இந்த அடுப்படி முகவரியும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். தினமும் சோற்றில் விழுகிற சாமானை யார் பெரிய மனுஷனாக மதிப்பார்கள்?

மூளைக்கும் இதற்கும் முடிச்சுப் போட்டவர் ஒரு துப்பறியும் கதை எழுத்தாளர். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கிகி தகத்தாரோ என்ற பெயரில் எழுதி, 1936ஆம் ஆண்டின் பின்பாதிக்கான நவோக்கி விருதை வாங்கியவர், பகலில் ஹயாஷி தகாஷி என்ற சொந்தப் பெயரில் கெய்யோ பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியர். ரஷ்யாவில் பாவ்லோவிடம் பயின்றவர். துப்பறியும் கதைக்கு ஜப்பானிய மொழியில் இன்று வழங்கும் 'சுய்ரி ஷோசெத்சு' என்ற சொல்லைப் பரவச் செய்தவரும் அவர்தான். இலக்கியவாதிகளுக்கு அறிவியல் எட்டாது என்று நம்மில் பேசிக்கொள்கிறோமே, அவர்களுக்காகத்தான் இவ்வளவையும் சொல்கிறேன். 1950களின் தொடக்கத்தில் ஹயாஷி நாயின் மூளைப் புறணியில், உடலை அசைக்கும் பகுதியில், சோடியம் குளூட்டமேட் கரைசலைச் செலுத்தினார். நாய்க்கு வலிப்பு வந்தது. உணவுப் பொருள் நரம்பைத் தூண்டுகிறது! துப்பு கையில் கிடைத்தாகிவிட்டது. ஆனால் வழக்கை எடுக்க ஆளில்லை.

வழக்கு கான்பராவுக்குப் போனது. அங்கே ஜான் எக்கில்ஸின் துறை. நரம்பும் நரம்பும் பேசுவது மின்சாரத்தாலா, ரசாயனத்தாலா என்று அந்தக் காலத்தில் ஒரு பெரிய சண்டை. 'பொறியா, ரசமா' என்றுதான் அதைக் கிண்டலாகக் குறிப்பிடுவார்கள். எக்கில்ஸ் நெடுங்காலம் பொறிக் கட்சியில் இருந்து, 1951ல் தன் சோதனையே தனக்கு எதிராகத் திரும்பியதும் ரசக் கட்சிக்கு மாறியவர். அவருடைய துறையில்தான் கர்ட்டிஸ், ஃபிலிஸ், வாட்கின்ஸ் மூவரும் 1959ல் பூனையின் தண்டுவட நரம்பணுக்கள் மேல் நுண்குழாய் வழியாகக் குளூட்டமேட்டைத் துளித்துளியாக விட்டார்கள். ஒவ்வொரு அணுவும் துள்ளியது. அதுவே பிரச்சினையானது. தூதுவன் என்றால் குறிப்பிட்ட ஆளைத்தானே எழுப்ப வேண்டும், இது எல்லாரையும் எழுப்புகிறதே? அதன் கண்ணாடிப் பிம்பமான மூலக்கூறுகூட ஏறத்தாழ அதே வேலையைச் செய்கிறதே? சொல்லிவிட்டுப் போன சொல்லைத் துடைக்க ஒரு நொதியாவது வேண்டாமா, அதையும் காணோமே? நியாயமான கேள்விகள்தான். முடிவு: இது தூதுவனாக இருக்க வாய்ப்பில்லை.

பிழையான முடிவு. ஆனால் மட்டமான அறிவியல் என்று சொல்லமாட்டேன். எல்லா அணுவும் துள்ளியது, எல்லா அணுவிலும் பூட்டு இருந்ததால். துடைக்கும் நொதி இல்லை, அக்கம்பக்கத்து அணுக்கள் அதை உறிஞ்சி எடுத்துக்கொண்டதால். வாட்கின்ஸ் மட்டும் விடவில்லை. குளூட்டமேட்டைப் போலவே இருக்கும் மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக்கொண்டே இருந்தார். அவற்றில் ஒன்று என்எம்டிஏ. பின்னாளில் ஒரு வகை ஏற்பிக்கே அந்தப் பெயர்.

இதற்கிடையில்தான் நம் வீட்டு மிரட்டல் பிறக்கிறது. 1968 ஏப்ரலில் ராபர்ட் ஹோ மான் குவோக் என்ற மருத்துவர் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, சோயா சாஸா, சமையல் மதுவா, உப்பா, அஜினமோட்டோவா தெரியவில்லை என்று. சந்தேகப் பட்டியலில் நாலைந்து பேர் நின்றார்கள். இதழ் அதற்குச் 'சீன உணவகக் கோளாறு' என்று தலைப்பிட்டது, பத்திரிகைகள் பட்டியலில் ஒரே ஒருவரைப் பிடித்துக்கொண்டன. அடுத்த ஆண்டு ஜான் ஓல்னி பிறந்த சில நாளேயான எலிக்குட்டிகளுக்கு ஊசி வழியாக ஏராளமாகக் குளூட்டமேட்டைக் கொடுத்து, மூளையின் அடிப்பகுதியில் அணுக்கள் செத்துப் போவதைக் காட்டினார். ஓல்னியின் கண்டுபிடிப்பு பெரியது: கிளர்ச்சி எல்லை மீறினால் நரம்பணு செத்தே போகும். ஆனால் தட்டில் விழும் சிட்டிகைக்கும் எலிக்குட்டிக்குப் போட்ட ஊசிக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சாப்பிடும் குளூட்டமேட்டில் பெரும்பகுதியைக் குடலே எரிபொருளாக எரித்துவிடுகிறது. மிஞ்சியது ரத்தத்துக்கு வந்தாலும் மூளையின் தடுப்புச்சுவர் லேசில் உள்ளே விடாது. தக்காளியிலும் கருவாட்டிலும் தாய்ப்பாலிலும் இருப்பது இதே சரக்குதான். இதெல்லாம் வதந்தியின் காதுக்கு எட்டவில்லை. சீனன் சமையல் மேல் ஏற்கெனவே இருந்த முகச்சுளிப்புக்கு ஒரு ரசாயனப் பெயர் கிடைத்தது, அவ்வளவே.

இப்போது அந்த இன்னொரு தட்டு.

1830களில் சாகர் பக்கம், இன்றைய மத்தியப் பிரதேசத்தில், மழை பொய்த்து கோதுமை விளையாமல் போனபோது ஜனங்கள் கேசரிப் பருப்பைத் தின்று உயிர் பிழைத்தார்கள். பிறகு திடகாத்திரமான வாலிபர்களின் கால்கள் விறைத்துப்போனதை ஸ்லீமன் என்ற ஆங்கிலேய அதிகாரி 1844ல் வெளிவந்த தன் புத்தகத்தில் எழுதி வைத்தார். கேசரி எதற்கும் அசையாத பயிர். வறட்சியிலும் வளரும், வெள்ளத்திலும் வளரும். கொஞ்சம் தின்றால் ஒன்றும் செய்யாது. இரண்டு மூன்று மாதம் அதுவே சாப்பாடு என்றானால்தான் கால் போகும். புத்தி தெளிவாக இருக்கும், கை வேலை செய்யும், கால் மட்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னும். மருத்துவர்கள் படிநிலை வகுத்து வைத்திருந்தார்கள்: கம்பு இல்லாமல் நடப்பவர், ஒரு கம்பு, இரண்டு கம்பு, கடைசியில் தவழ்பவர். ரீவா பக்கத்து நிலச்சுவான்தார்கள் கடன்பட்ட கூலிகளுக்குக் கூலியாகவே கேசரியை அளந்தார்கள். விலை மலிவு, அதனால்.

தோட்டத்துக் கதை தெரிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது. கூலிக்காரன் என்ன தின்கிறான் என்பதில் அவன் நோய் எழுதியிருக்கும். 1905–06ல் கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் வில்லியம் ஃப்ளெட்சர் ஒரு பிரிவுக்குத் தீட்டிய சயாம் அரிசியும் இன்னொரு பிரிவுக்கு நம்மவர் தின்னும் புழுங்கல் அரிசியும் கொடுத்து, பெரிபெரி முதல் பிரிவையே பிடிப்பதைக் காட்டினார். அதே பெரிபெரியை ஆராயத்தான் 1918ல் இன்னொரு தேயிலை மலையில், நீலகிரியின் குன்னூரில், பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்கரிசன் ஓர் ஆய்வுக்கூடம் தொடங்கினார். கேசரி நோயைப் பற்றியும் அவர் 1926ல் எழுதினார். அந்த ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது.

விஷத்துக்கு முகம் கிடைத்தது 1964ல். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். எல். என். ராவ், பி. ஆர். அடிகா, பி. எஸ். சர்மா மூவரும் கேசரி விதையிலிருந்து ஓர் அமினோ அமிலத்தைப் பிரித்தார்கள். அதே ஆண்டு தில்லியில் மூர்த்தி, டி. ஆர். சேஷாத்ரி, வெங்கிடசுப்ரமணியன் குழுவும் அதையே கண்டது. சேஷாத்ரி நம் குளித்தலைக்காரர். ஓடேப் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அது குளூட்டமேட்டின் போலி என்பதும், அதற்கான பூட்டைத் திறந்து திறந்தே வைத்து நரம்பணுவைக் களைத்துச் சாகடிக்கிறது என்பதும் 1980களில்தான் துலங்கியது. தியானின் பூட்டை ஆட்டிப் பார்க்கும் தம்பி என்றால் ஓடேப் கதவைப் பிடித்துக்கொண்டு விடாத பங்காளி. ஓல்னி எலிக்குட்டியில் கண்ட சாவு, ரீவாவின் வயல் வரப்பில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துகொண்டிருந்தது. அதற்குப் பிடரி மரத்துப்போன யாரும் இதழுக்குக் கடிதம் எழுதவில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் கதவுக் கதை. ஏற்பியே ஒரு கதவு. குளூட்டமேட் தட்டினால் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் திறக்கும், சோடியம் உள்ளே பாயும், அணு துள்ளும். 1970களில் எத்தனை வகைக் கதவு என்று எண்ணினார்கள். ஒன்றுக்கு வாட்கின்ஸின் என்எம்டிஏ. இன்னொன்றுக்குக் கைனேட், ஜப்பானில் குடற்புழுவுக்குக் கொடுத்த கடற்பாசியின் சரக்கு. மூன்றாவதுக்கு குவிஸ்குவாலேட். இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் வீட்டு வேலியில் வெள்ளையாகப் பூத்து, இளஞ்சிவப்பாகி, சிவப்பாகத் தொங்கும் ரங்கூன் மல்லி. அதன் தாவரப் பெயர் குவிஸ்குவாலிஸ் இண்டிகா. அதன் விதையும் பூச்சி மருந்துதான், சீன வைத்தியத்தில். புழுவின் நரம்பைக் குழப்பும் பொருள்கள் நம் நரம்பின் பூட்டுகளுக்குச் சாவியாக வந்து சேர்ந்தன.

ரங்கூன் மல்லிச் சாவியில் ஒரு கோளாறு இருந்தது. 1985ல் பிரான்சின் மோன்பெலியேயில் ஸ்லாடெக்செக், பான், போக்கேர் முதலானவர்கள் எலிக்கருவின் மூளையணுக்களை வளர்த்து, குளூட்டமேட் கொடுத்து, அணுவுக்குள்ளே என்ன நடக்கிறது என்று அளந்தார்கள். இனோசிட்டால் பாஸ்பேட் என்ற பொருள் உள்ளே கூடியது. அதிகம் கூட்டிய சாவி குவிஸ்குவாலேட். கதவுகளை அடைக்கும் மருந்தால் இதை நிறுத்த முடியவில்லை. அப்படியானால் கதவே இல்லாத இன்னொரு ஏற்பி இருக்கிறது. அது யாரையும் உள்ளே விடுவதில்லை, வெளியே கேட்ட சேதியை உள்ளே சொல்லிவிடுகிறது.

தோட்டத்து பெரட்டை நினைத்துக்கொண்டால் இது சுலபம். கேட்டைத் திறந்துவிட்டு ஆட்களை மொத்தமாக உள்ளே விடுவது ஒரு முறை. துரை பங்களாவை விட்டு இறங்காமலே கிராணியிடம் ஒரு வார்த்தை சொல்ல, கிராணி கங்காணியிடம் சொல்ல, கங்காணி லயத்துக்குப் போய் விடியற்காலையில் தப்பு அடிக்கவைக்க, அன்றைய வேலையே மாறிப்போவது இன்னொரு முறை. இந்த ஏற்பி சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். வெளிப்பக்கம் குளூட்டமேட் உட்கார்ந்ததும் உடம்பைத் திருப்புகிறது, உள்பக்கம் ஒட்டியிருக்கும் ஜி புரதம் விழித்துக்கொள்கிறது. அது ஒரு நொதியை ஏவ, நொதி சவ்வின் கொழுப்பை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு, இனோசிட்டால் டிரைபாஸ்பேட், உள்ளே மிதந்துபோய் அணுவின் கால்சியம் கிடங்கைத் திறக்கிறது. இன்னொரு துண்டு சவ்விலேயே தங்கி, வேறு புரதங்கள் மேல் பாஸ்பேட்டை ஒட்டி அவற்றின் நடத்தையை மாற்றும் நொதியை எழுப்புகிறது. இதே குடும்பத்தில் வேறு சில ஏற்பிகள் நேர் எதிர்: சைக்ளிக் ஏஎம்பி என்ற உள்தூதுவனை அடக்கி, பேச்சைத் தணிக்கின்றன. கதவின் வேலை நொடிக்குள் முடிந்துபோகும். இந்தத் தூது நிமிடம், மணி என்று நீடிக்கும். எந்தப் புரதத்தைச் செய்வது, எந்த இணைப்பை வலுவாக்குவது, எதைத் தளர்த்துவது என்று அணு முடிவெடுப்பது இதன் பேரில். கற்றுக்கொள்வது என்று நாம் சொல்வதில் கணிசமான பங்கு இங்கே இருக்கிறது.

இந்த இரண்டு வகைக்கும் 'அயனோட்ரோபிக்', 'மெட்டாபோட்ரோபிக்' என்ற பெயர்களைப் பிரித்து விளக்கி 1979லேயே கட்டுரை எழுதியவர்கள் மெக்கீரும், அதே எக்கில்ஸும். பொறிக் கட்சியில் தொடங்கிய மனுஷன் ரசத்தின் ஆழத்துக்கே போய்விட்டார். 1991ல் கியோட்டோவில் நகானிஷி குழு இந்த ஏற்பியின் மரபணுவை எடுத்துப் படித்தது. தியானின் கண்டெடுத்த அதே ஊர். மொத்தம் எட்டு உறுப்பினர் கொண்ட குடும்பம் என்று சீக்கிரமே தெரிந்தது.

2002ல் நாக்கில் உமாமியை உணரும் ஏற்பி அகப்பட்டது. அதற்கும் கதவு கிடையாது. வெளியே குளூட்டமேட், உள்ளே ஜி புரதம், அதே கால்சியம் கிடங்கு. மூளையின் அந்த எட்டுப் பேருக்கு இது சொந்தக்காரன், ஒரே பெருங்குடும்பம். இக்கேடா ரசத்தில் ருசித்ததும் மோன்பெலியேயில் அளந்ததும் ஒரே மாதிரித் தூதை. "மூளை மழுங்கும்" என்று நம் வீட்டில் மிரட்டிய சிட்டிகை, மூளையைத் தொடாமல், மூளைக்கு உறவான பூட்டை நாக்கில் மட்டும் தொட்டுவிட்டுப் போகிறது.

கேசரி விற்பனையை இந்திய அரசு 1961ல் தடை செய்தது. எல்லா மாநிலமும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வந்தது 1976ல். ராய்ப்பூர் வேளாண் பல்கலைக்கழகம் மகாதியோரா என்று ஓடேப் குறைந்த ரகம் ஒன்றை விவசாயிகளுக்குக் கொடுத்திருக்கிறது. ஹைதராபாத் ஆய்வுக்கூடம் இன்னும் சுலபமான வழி சொன்னது: பருப்பைக் கொதிநீரில் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் விஷத்தில் பெரும்பகுதி போய்விடும். அதற்கு ஒரு பானை கூடுதல் தண்ணீரும், அதைக் கொதிக்க வைக்க விறகும் வேண்டும்.